மாஃபியா விளையாட்டில் சிறப்புப் பாத்திரங்களின் சமநிலை

மாஃபியா என்பது, ஒரு கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு குழுவைப் பேச்சாலும் வாக்காலும் கண்டுபிடிக்க முயலும் விளையாட்டாகும். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்ற திமித்ரி தாவிதோவ் 1986–87 காலத்தில் இதை உருவாக்கினார். 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் மாஃபியாவுக்குப் பதில் ஓநாய் மனிதர்களை வைத்து 'வேர்வுல்ஃப்' என்னும் வடிவத்தைத் தந்தார். விதி இரண்டிலும் ஒன்றுதான். இரவில் எல்லோரும் கண்களை மூடிக்கொள்வர். மாஃபியாவினர் மட்டும் கண் திறந்து ஊராரில் ஒருவரைக் கொல்வர். பகலில் அனைவரும் விவாதித்து, வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவர். மாஃபியா முழுவதும் ஒழிந்தால் ஊரார் வெற்றி பெறுவர். மாஃபியாவின் எண்ணிக்கை ஊராரின் எண்ணிக்கைக்குச் சமமாகிவிட்டால் மாஃபியா வெற்றி பெறும்.

தமிழ்நாட்டுச் சிறுவர்கள் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ஆடும் 'ராஜா ராணி திருடன் போலீஸ்' ஆட்டத்திலும் மறைந்த பாத்திரம் உண்டு. ஆனால் அங்கே ஒரே ஒரு ஊகத்தோடு சுற்று முடிந்து, சீட்டுகள் மறுபடி குலுக்கப்படும். மாஃபியாவில் முதல் இரவில் கொல்லப்பட்டவர் ஒரு மணி நேரமானாலும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எனவே ஒருதலையாக அமைந்த ஆட்டத்தின் சலிப்பு இங்கே மிக அதிகம். துப்பறிவாளர், மருத்துவர் முதலிய சிறப்புப் பாத்திரங்களைச் சேர்ப்பதும் அவற்றை அளவோடு வைப்பதும் இந்த விளையாட்டை நடத்துவோரின் முக்கிய வேலையாக இருப்பது இதனால்தான்.

சிறப்புப் பாத்திரங்கள் இல்லாத ஆட்டம்

சமநிலையைப் புரிந்துகொள்ள, யாருக்கும் சிறப்பு ஆற்றல் இல்லாத ஆட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஆட்டம் பகலில் தொடங்குகிறது என்றும், ஊரார் எந்தத் துப்பும் இல்லாமல் குருட்டாம்போக்கில் வாக்களிக்கிறார்கள் என்றும் கொள்வோம். மூன்று பேரில் ஒருவர் மாஃபியா என்றால் ஊராருக்கு இருப்பது ஒரே வாய்ப்பு. வெற்றி நிகழ்தகவு 1/3. ஐந்து பேரில் ஒருவர் மாஃபியா என்றால், முதல் பகலில் பிடிபட 1/5 வாய்ப்பு. தவறினால் ஒருவர் வாக்கில் போவார், இன்னொருவர் இரவில் போவார்; மீதி மூன்று பேர். ஆக மொத்தம் 1/5 + (4/5 × 1/3) = 7/15, அதாவது ஏறத்தாழ 47 விழுக்காடு.

இப்போது ஊரார் பக்கம் ஒருவரைக் கூட்டி ஆறு பேர் ஆக்கினால் அவர்களின் பலம் கூடும் என்று தோன்றும். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. ஆறு பேரில் ஒரு மாஃபியா இருக்கும்போது ஊராரின் வெற்றி வாய்ப்பு 3/8, அதாவது 37.5 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. காரணம் எளிது. ஐந்து பேரானாலும் ஆறு பேரானாலும் ஊரார் ஒரே ஒரு முறைதான் தவறலாம். இரண்டாம் தவறில் ஆட்டம் போய்விடும். கூடுதலாக வந்தவர் இன்னொரு வாய்ப்பைத் தரவில்லை, சந்தேகப்பட வேண்டியவர்களின் பட்டியலை மட்டும் நீட்டுகிறார். ஏழு பேரானால் தவறும் உரிமை இரண்டாகி, வாய்ப்பு 19/35 (சுமார் 54 விழுக்காடு) ஆக உயர்கிறது. இந்த ஒற்றை–இரட்டை வேறுபாட்டைக் கவனிக்காமல் பாத்திரங்களைச் சேர்ப்பவர்களின் ஆட்டம் ஏன் கோணுகிறது என்று அவர்களுக்கே புரிவதில்லை.

மாஃபியாவை ஒன்றிலிருந்து இரண்டாக்குவது இன்னும் கடுமையானது. அதே ஏழு பேரில் இருவர் மாஃபியா என்றால் ஊராரின் வாய்ப்பு 54இலிருந்து 8/35க்கு, அதாவது சுமார் 23 விழுக்காட்டுக்கு விழுகிறது. ஒன்பது பேரில் இருவர் என்றாலும் 30 விழுக்காட்டைத் தொடுவதில்லை. உண்மை ஆட்டத்தில் பேச்சும் முகபாவமும் துப்புத் தரும் என்பது சரிதான். ஆயினும் ஒருவரை ஒருவர் அறிந்து கொல்லும் குழுவுக்கும், எதுவும் அறியாத கூட்டத்துக்கும் இடையிலான இந்தப் பள்ளத்தை நிரப்பவே துப்பறிவாளர் வந்தார்.

துப்பறிவாளர் தரும் சிக்கல்

துப்பறிவாளர் ஒவ்வோர் இரவும் ஒருவரைச் சுட்டிக்காட்டி, அவர் மாஃபியாவா இல்லையா என்று நடத்துனரிடம் அறிந்துகொள்வார். வேர்வுல்ஃப் வடிவத்தில் இவரே குறிசொல்பவர். கேட்பதற்குச் சிறிய சலுகையாகத் தோன்றினாலும் விளையாட்டின் தன்மையையே மாற்றிவிடும் பாத்திரம் இது. மார்க் பிரேவர்மன், ஒமித் எத்தெசாமி, எல்கனன் மோசெல் ஆகிய மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணித வழியில் காட்டியது. துப்பறிவாளர் இல்லாத பெரிய கூட்டத்தில் இரு தரப்புக்கும் ஒப்பிடத்தக்க வாய்ப்பு அமைய வேண்டுமானால், மாஃபியாவின் அளவு மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர வேண்டும். அதாவது ஆட்டக்காரர்கள் நான்கு மடங்கானால் மாஃபியா இரண்டு மடங்காக வேண்டும். ஒரே ஒரு துப்பறிவாளர் வந்துவிட்டாலோ, மாஃபியா கூட்டத்தின் ஒரு நிலையான பங்காக இருந்தால்தான் ஈடுகொடுக்க முடியும். ஆட்டக்காரர்கள் நான்கு மடங்கானால் மாஃபியாவும் நான்கு மடங்காக வேண்டும்.

மேசையில் இது வேறொரு தொல்லையாகத் தெரியவரும். துப்பறிவாளர் இரண்டு மூன்று இரவுகள் விசாரித்தபின் எழுந்து, "நான்தான் துப்பறிவாளர், இவர் மாஃபியா, இவர்கள் இருவரும் நல்லவர்கள்" என்கிறார். அவரை மருத்துவர் ஒவ்வோர் இரவும் காக்கிறார். அதன்பின் விவாதிக்க ஒன்றுமில்லை. அவர் கை காட்டுபவரை வெளியேற்றினால் போதும். கணக்கில் வெற்றி வாய்ப்பு பாதிப்பாதியாக இருந்தாலும், துப்பறியும் விளையாட்டில் துப்பறிதல் இல்லாமல் போய்விடுகிறது. மறுபக்கம், துப்பறிவாளர் முதல் இரவிலேயே தற்செயலாகக் கொல்லப்பட்டால் ஊரார் அங்கேயே பாதி தோற்றவர்கள். சராசரி சரியாக இருந்து, ஒவ்வோர் ஆட்டமும் ஏதாவது ஒரு முனைக்குத் தூக்கி எறியப்படும் இந்நிலையை 'ஊசலாட்டம்' எனலாம். சமநிலை என்றதும் பலர் வெற்றி விழுக்காட்டையே பார்க்கிறார்கள். ஆடுபவர்கள் நினைவில் வைத்திருப்பது ஊசலாட்டத்தைத்தான்.

இதற்குப் பல மாற்றுகள் உருவாயின. 'காட்ஃபாதர்' மாஃபியாவின் தலைவர். விசாரித்தால் நல்லவராகத் தெரிவார். 'மில்லர்' இதற்கு நேர்மாறு. ஊரைச் சேர்ந்த அப்பாவி, ஆனால் விசாரணையில் குற்றவாளியாகத் தெரிவார். மாஃபியா பக்கம் ஒரு 'தடுப்பவர்' இருந்தால், அவர் ஓர் இரவில் ஒருவருடைய ஆற்றலைச் செயலிழக்கச் செய்யலாம். இவை யாவும் துப்பறிவாளரின் சொல்லில் ஒரு சிறு ஐயத்தை நுழைக்கின்றன. இவற்றுள் மில்லர் சற்றுக் கொடுமையான பாத்திரம். எந்தத் தவறும் செய்யாமல், எந்த ஆற்றலும் இல்லாமல், சாட்சியோடு வெளியேற்றப்படுபவர் அவர். தாம் மில்லர் என்பது அவருக்கே தெரியுமா தெரியாதா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடாத ஆட்டங்களில் மனக்கசப்பு வருவது இயல்பு.

மருத்துவரும் ஒற்றை–இரட்டைக் கணக்கும்

மருத்துவர் இரவில் ஒருவரைக் காப்பார். கொலை தடுக்கப்பட்டால் ஊராருக்கு ஓர் உயிர் லாபம் என்றே எவரும் நினைப்பர். மேலே கண்ட கணக்கை மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு மாஃபியாவும் மூன்று ஊராரும் எஞ்சிய இரவில் கொலை நடந்தால் மறுநாள் மூவர் இருப்பர். குருட்டு வாக்கில் பிடிபட 1/3 வாய்ப்பு. மருத்துவர் காப்பாற்றிவிட்டாலோ நால்வர் இருப்பர், வாய்ப்பு 1/4. உயிர் பிழைத்தது ஊரார், குறைந்ததும் ஊராரின் வாய்ப்பு!

உண்மையில் மருத்துவரின் பலம் உயிரில் இல்லை, தகவலில் இருக்கிறது. மாஃபியா தன்னையே சுட்டுக்கொள்ளாத ஆட்டத்தில், காப்பாற்றப்பட்டவர் யார் என்று தெரிந்தால் அவர் நல்லவர் என்பது உறுதியாகிறது. மருத்துவரையும் நம்பலாம் என்றால் நால்வரில் இருவர் தெளிந்துவிட, மீதி இருவரில் ஒருவர்தான் குற்றவாளி. வாய்ப்பு 1/2 ஆகிறது. ஆகவே "நேற்றிரவு இவர் தாக்கப்பட்டார், ஆனால் பிழைத்தார்" என்று நடத்துனர் பெயர் சொல்லி அறிவிப்பதா, "யாரும் சாகவில்லை" என்று மட்டும் சொல்வதா என்பதே ஒரு தராசுப் படிக்கல். பகலில் யாரையும் வெளியேற்றாமல் விட ஊராருக்கு உரிமை உண்டா என்பதும் அப்படியே. அந்த உரிமை இருந்தால், நால்வர் எஞ்சும்போது வாக்கைத் தவிர்த்து மீண்டும் மூவர் நிலைக்கு, 1/3 வாய்ப்புக்குத் திரும்பலாம்.

இரவில் ஒருவரைச் சுடும் உரிமை பெற்ற ஊராரான 'விஜிலான்டி'யும் இந்த எண்ணிக்கையைக் குலைப்பவர். சரியாகச் சுட்டால் ஊருக்கு ஒரு பகல் மிச்சம். தவறினால் மாஃபியாவின் வேலையை அவரே செய்துவிடுகிறார். அவருக்கு ஒரே ஒரு தோட்டா கொடுப்பது பரவலான வழக்கம்.

புள்ளி முறையும் அதன் எல்லையும்

டெட் ஆல்ஸ்பாக் வடிவமைத்த 'அல்டிமேட் வேர்வுல்ஃப்' ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மதிப்பெண் தருகிறது. சாதாரண ஊரார் +1, குறிசொல்பவர் +7, ஓநாய் மனிதர் –6. மொத்தம் பூச்சியத்தை ஒட்டி வருமாறு சீட்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டுப் பேர் ஆட்டத்தில் ஒரு குறிசொல்பவர், ஐந்து ஊரார், இரண்டு ஓநாய்கள் என்றால் 7 + 5 – 12 = 0. புதிதாக நடத்துபவருக்கு இது பெரிய உதவி.

ஆனால் கூட்டல் முறைக்குப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று சேரும் விதம் தெரியாது. குறிசொல்பவர் தனியாக ஒரு பலம். அவரைக் காக்க ஒருவர் வந்துவிட்டால் இருவரின் கூட்டுப் பலம் தனித்தனி மதிப்புகளின் கூட்டுத்தொகையைத் தாண்டிவிடும். ஒரே பாத்திரத்தின் மதிப்பு ஆடும் இடத்தைப் பொறுத்தும் மாறும். பிலிப் தெ பாலியேர், எர்வே மார்லி ஆகியோர் உருவாக்கி 2001இல் வெளிவந்த பிரெஞ்சு வடிவத்தில் ஒரு சிறுமி உண்டு. ஓநாய்கள் விழித்திருக்கும்போது அவள் கள்ளத்தனமாகக் கண் திறந்து பார்க்கலாம். அறையின் வெளிச்சத்தையும் அமர்ந்திருக்கும் வரிசையையும் பொறுத்து அவள் மிக வலியவளாகவோ உதவாதவளாகவோ ஆகிவிடுவாள். இதற்கு எந்த எண்ணைப் போடுவது?

ஆற்றலோடு அதன் விலையையும் ஒரே பாத்திரத்தில் கட்டிவைப்பது இன்னொரு வழி. டான் எஸ்கிரிட்ஜின் 'அவலான்' (2012) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மெர்லின் தீயவர்களைத் தொடக்கத்திலேயே அறிவார். ஆயினும் நல்லவர்கள் மூன்று பணிகளில் வென்ற பிறகும், கொலையாளி மெர்லின் யாரென்று சரியாகச் சொல்லிவிட்டால் வெற்றி தீயவர்களுக்குப் போய்விடும். எனவே மெர்லின் அறிந்ததை அறியாதவர் போலப் பேச வேண்டியிருக்கிறது. துப்பறிவாளர் எழுந்து நின்று அறிவிக்கும் சலிப்பு அங்கே எழவே வழியில்லை. தீயவர் பக்கம் மெர்லினுக்கும் தெரியாத மோர்ட்ரெட்டைச் சேர்த்தால் தராசு ஒரு பக்கம் சாயும். மெர்லினை அறியும் பெர்சிவலைச் சேர்த்தால் மறுபக்கம் சாயும்.

மூன்றாம் தரப்பும் நடத்துனரும்

எந்தப் பக்கமும் சேராத பாத்திரங்கள் கணக்கை மேலும் குழப்பும். கோமாளி, தம்மை ஊரார் வாக்களித்து வெளியேற்றினால் வெற்றி பெறுபவர். அவர் ஆட்டத்தில் இருக்கக்கூடும் என்ற எண்ணமே சந்தேகத்துக்குரியவர் மீது வாக்களிக்க ஊராரைத் தயங்க வைக்கும். அந்தத் தயக்கத்தின் லாபம் மாஃபியாவுக்கே. எட்டுப் பேருக்குக் குறைந்த ஆட்டத்தில் கோமாளியைத் தவிர்ப்பது நல்லது.

ஸ்டீவன் மெட்வேயின் 'பிளட் ஆன் தி கிளாக்டவர்' சமநிலையின் ஒரு பகுதியைச் சீட்டுகளிலிருந்து எடுத்து நடத்துனரின் கையில் தருகிறது. அதன் தொடக்கநிலைத் தொகுப்பில் பத்துப் பேருக்கு ஏழு ஊரார், இரண்டு கையாட்கள், ஒரு பேய் என எண்ணிக்கை வகுக்கப்பட்டுள்ளது. கையாட்களில் ஒருவர் 'பாரன்' என்றால் ஊராரில் இருவருக்குப் பதில், ஊருக்கே இடையூறான இரு 'வெளியாட்கள்' வருவர். அதில் ஏறத்தாழ எல்லா ஊராருக்கும் ஏதோ ஓர் ஆற்றல் உண்டு. ஆனால் குடிகாரராகவோ நஞ்சூட்டப்பட்டவராகவோ இருப்பவருக்கு நடத்துனர் பொய்த் தகவல் தரலாம், எந்தப் பொய் என்பதும் அவர் விருப்பம். பேய்க்கு, ஆட்டத்தில் இல்லாத மூன்று நல்ல பாத்திரங்களின் பெயர்கள் முதல் இரவிலேயே சொல்லப்படும். பொய்யாகச் சொல்லிக்கொள்ள அவை உதவும். இறந்தவர்களும் தொடர்ந்து பேசலாம். கடைசியாக ஒரே ஒரு வாக்கு அவர்கள் கையில் மிஞ்சியிருக்கும்.