தியாகம் என்று சொல்வது யார்?

பெண்களைப் பற்றி மேடையில் பேச வருபவர்கள் தவறாமல் எடுக்கும் சொல் தியாகம். கணவனை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவள் தியாகி. பிள்ளையைப் போருக்குப் பறிகொடுத்தவளும் தியாகத் தாய். கேட்கும்போது மனதுக்குச் சற்று ஆறுதலாகவும் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லை எம்மைப் பற்றிச் சொல்பவர் யார் என்று நாம் கவனித்திருக்கிறோமா? நாம் அறிந்த சில கவிதைகளையும் கதைகளையும் இந்தக் கேள்வியோடு மீண்டும் வாசித்துப் பார்க்கலாம்.

தியாகத் தாய் என்றதும் எல்லோரும் காட்டுவது புறநானூற்றை. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாட்டு பள்ளிக்கூடத்திலேயே பலருக்கு அறிமுகமானது. முதலில் ஒரு பெண்ணின் தந்தை போரில் யானையைக் கொன்று தானும் இறக்கிறார். அடுத்து நடந்த போரில் கணவன் இறக்கிறான். இன்று மீண்டும் போர்ப்பறை கேட்கிறது. அவளுக்கு இருப்பதோ ஒரே மகன். அவனுக்கு எண்ணெய் தடவித் தலை சீவி, வெள்ளை உடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள்.

இந்தப் பாட்டைப் பேச்சாளர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. பாட்டு முழுவதிலும் 'செல்க' என்று மகனை அனுப்பும் ஒரு சொல்லைத் தவிர அந்தத் தாய் எதுவும் பேசுவதில்லை. பேசுவது, பார்த்துக்கொண்டு நிற்கும் இன்னொருவர். அவளுடைய துணிவைக் கண்டு அவர் வியக்கிறார், ஏறக்குறைய அஞ்சவும் செய்கிறார். மகனின் தலையைச் சீவும்போது அவளுடைய கை நடுங்கியதா, அவன் போன பிறகு வீட்டுக்குள் போய் என்ன செய்தாள் என்பவை எமக்குத் தெரியாது. பாடியவரும் ஒரு பெண்தான் என்பது உண்மை. ஆனாலும் அந்தத் தாய் தானே தன் கதையைச் சொல்லவில்லை.

அதே புறநானூற்றில் 246ஆம் பாட்டு வேறு மாதிரியானது. பூதப்பாண்டியன் இறந்தபோது அவனுடைய தேவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்க முற்படுகிறாள். சான்றோர் தடுக்கிறார்கள். அவர்களுக்கு அவளே பதில் சொல்லும் பாட்டு இது. கணவனோடு உயிர்விட்ட பத்தினியின் தியாகம் என்றுதான் இதைப் புகழ்வது வழக்கம். ஆனால் அவள் பாட்டில் அதிகம் சொல்வது கைம்பெண்ணின் சாப்பாட்டையும் படுக்கையையும் பற்றி. நெய் சேராத சோறு, எள்ளுத் துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாமல் பருக்கைக் கல்லின் மேல் படுக்கை. இப்படி வாழ்வதைவிடத் தீ எனக்குத் தாமரைக்குளம் போன்றது என்கிறாள்.

எமது கிராமத்து மாதர் குழுவில் ஒருநாள் தையல் வகுப்பு முடிந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு இந்தப் பாட்டின் பொருளை வாசித்தோம். குழுவில் இருப்பவர்களில் பாதிப்பேர் கணவனை இழந்தவர்கள். ஐம்பது வயது தாண்டிய அக்கா ஒருவர், "இது புருசனில இருந்த ஆசையை மட்டும் சொல்லேல்லைப் பிள்ளை. மிச்சச் சனம் தன்னை எப்பிடி நடத்தும் எண்டதையும் சொல்லுது" என்றார். கலியாண வீட்டில் ஆரத்தி எடுக்க விடாமல் ஒதுக்கப்பட்டதை அன்று மூன்று பேர் சொன்னார்கள். சமூகவியல் வகுப்பில் சடங்குகளைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். அந்த அக்கா சொன்ன அளவுக்கு எந்தப் புத்தகமும் எனக்கு அதை விளக்கவில்லை. பெண் தானாகப் பேசத் தொடங்கினால் தியாகம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஊர் வழக்கமும் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது.

சிறுகதைக்கு வந்தால் புதுமைப்பித்தனை விட முடியாது. 1934இல் வெளிவந்த 'பொன்னகரம்' இரண்டு மூன்று பக்கக் கதைதான். ஆலையில் கூலி வேலை செய்யும் அம்மாளுவின் கணவன் குதிரை வண்டிக்காரன். வண்டி விழுந்து அவனுக்குப் பலத்த காயம். பால்கஞ்சி வேண்டும் என்கிறான். வீட்டில் காசில்லை, கூலி கிடைக்க நாள் இருக்கிறது. இரவில் சந்துக்குள் ஒருவனுடன் போய், முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள் அம்மாளு. கற்பைப் பற்றிப் பெருமை பேசுபவர்களைப் பார்த்து ஒரு குத்தலோடு கதை முடிகிறது. இவளை யாரும் தியாகி என்று மேடைக்கு அழைக்க மாட்டார்கள். அவளும் கணவனுக்காகத்தான் தன்னைக் கொடுத்தாள். ஊருக்குப் பெருமை தரும் தியாகத்தை மட்டுமே ஊர் ஏற்றுக்கொள்கிறது. முகாம்களிலும் இடம்பெயர்ந்த இடங்களிலும் பிள்ளைகளின் பசிக்காகப் பெண்கள் பட்டதை எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறார்கள்?

அதே எழுத்தாளர் 1943இல் எழுதிய 'செல்லம்மாள்' கதையில் பாடுபடுபவர் ஓர் ஆண். துணிக்கடையில் வேலை செய்யும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்குத் தானே சமைத்து, மருந்து கொடுத்து, கடைசிவரை பார்த்துக்கொள்கிறார். நல்ல கதை, கட்டாயம் வாசியுங்கள். இதே வேலையை ஒரு மனைவி செய்திருந்தால் அது ஒரு கதையாகத் தோன்றியிருக்குமா என்பது என் சந்தேகம். அங்கவீனமான கணவனைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, கூலி வேலைக்கும் போய்வரும் பெண்கள் எமது பிரதேசத்தில் எத்தனை பேர்! அதைக் கடமை என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

எமது மண்ணிலேயே தாய்மார் இந்தச் சொல்லுக்கு வெளியே நின்று பேசியதும் உண்டு. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. கைதுசெய்யப்பட்ட பிள்ளைகளை விடுவிக்கக் கோரித் தாய்மார் தெருவில் இறங்கி ஊர்வலமாகப் போனார்கள். அவர்கள் வேலைக் கொடுத்து அனுப்பிய தாய் அல்ல, பிள்ளையைத் திருப்பிக் கேட்ட தாய். இரண்டு வருடம் கழித்து, 1986இல், யாழ்ப்பாணத்திலிருந்து 'சொல்லாத சேதிகள்' தொகுப்பு வந்தது. சித்திரலேகா மௌனகுரு முன்னின்று கொண்டுவந்த அந்தச் சிறிய நூலில் பத்துப் பெண்களின் கவிதைகள் இருக்கின்றன. வீட்டையும் போரையும் பற்றி எமது பெண்கள் தமது வாயால் சொல்லத் தொடங்கியதற்கு அது ஒரு முக்கியமான அடையாளம்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். அவர்கள் தமது இழப்பைத் தியாகம் என்று சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. என் பிள்ளை எங்கே என்றுதான் கேட்டார்கள். எமது குழுவில் இருக்கும் ஒரு தாயை ஒரு விழாவில் மாலை போட்டுக் கௌரவிக்க அழைத்தபோது அவர் போக மறுத்துவிட்டார். "நான் ஒண்டும் குடுக்கேல்லை தங்கச்சி, கொண்டு போனவை" என்று மட்டும் சொன்னார். கொடுத்தவளையும் பறிகொடுத்தவளையும் ஒரே பெயரால் அழைத்தால், பறித்தவரைப் பற்றிய கேள்வி காணாமல் போய்விடுகிறது. அந்தத் தாய் மறுத்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். மனமுவந்து கொடுத்தவர்களும் எம்மிடையே உண்டு. அதை அவர்கள் சொன்னால் நாம் மரியாதையோடு கேட்க வேண்டும்.

எமது குழுவில் அடுத்ததாகப் புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையை எடுத்திருக்கிறோம். சாபம் தீர்ந்து வாழும் அகலிகையிடம் சீதை, தன்னைத் தீக்குளிக்கச் சொன்ன கதையைச் சொல்கிறாள். அதைக் கேட்ட அகலிகை கடைசியில் மறுபடியும் கல்லாகிறாள். உங்கள் ஊர் மாதர் சங்கத்திலும் யாராவது ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் இருந்து கேளுங்கள். அவள் ஏன் கல்லானாள் என்று உங்கள் பக்கத்துப் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை எமக்கு எழுதி அனுப்புங்கள்.