உங்களுக்குத் தெரியுமா? – மட்டையை விடக் கணக்குப் பேசும் மார்ச் மாதம்

பிப்ரவரி நடுவில் நியூயார்க்கும் சிகாகோவும் பனியில் உறைந்து கிடக்கும். பேஸ்பால்காரர்கள் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெயில் தேடிப் போய்விடுவார்கள். மேஜர் லீகின் 30 அணிகளில் 15 ஃப்ளோரிடாவுக்கு, 15 அரிசோனாவுக்கு. சுமார் ஆறு வாரம் பயிற்சி முகாம். ஓர் அணியின் முகாமுக்கு 60, 70 பேர் போவார்கள். சீசன் தொடங்கும் நாளில் இடம் கிடைப்பது 26 பேருக்கு. நடுவில் நடக்கும் அந்தக் கழித்தல் கணக்கில் ஆட்டத்தை விட ஒப்பந்தச் சட்டங்களுக்குத்தான் வேலை அதிகம்.

● ஃப்ளோரிடாவில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களுக்கு ‘கிரேப்ஃப்ரூட் லீக்’ என்று பெயர். பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த பழம் அது. 1915-இல் டேடோனா பீச்சில், விமானத்திலிருந்து போடும் பந்தைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினார் புரூக்ளின் அணியின் மேனேஜர் வில்பர்ட் ராபின்சன். விமானம் ஓட்டியவர் ரூத் லா என்ற பெண். பந்துக்குப் பதில் மேலிருந்து வந்தது ஒரு கிரேப்ஃப்ரூட். மார்பில் விழுந்து வெடித்த பழத்தின் சாறு வழிய, ரத்தம் என்று நினைத்து ராபின்சன் அலறினாராம். பெயர் அதிலிருந்துதான் வந்தது என்பார்கள். அந்த மாநிலத்தில் தடுக்கி விழுந்தால் கிரேப்ஃப்ரூட் தோப்புதான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அரிசோனாவின் லீகுக்குக் கள்ளிச்செடியின் பெயர். அதற்குக் கதை தேவைப்படவில்லை.

● முகாமில் ஒருவரின் முதுகைப் பார்த்தாலே அவர் நிலைமை ஓரளவு புரியும். 70, 80, 90 என்று பெரிய எண் போட்ட சட்டை என்றால், பெரும்பாலும் ‘பார்த்துவிட்டுப் போகட்டும்’ என்று அழைக்கப்பட்டவர். 2016 முகாமில் யாங்கீஸ் அணி ஆரன் ஜட்ஜ் என்ற நெட்டைப் பையனுக்கு 99 கொடுத்தது. அடுத்த ஆண்டே 52 ஹோம் ரன் அடித்தார், 2022-இல் 62. வேறு எண்ணுக்கு அவர் மாறவே இல்லை.

● ரஞ்சிக் கோப்பையில் ஆடுகிறவர் மாநிலத்துக்காக ஆடுகிறார்; இந்திய அணி அவரைத் தேடிவந்து எடுக்கிறது. மைனர் லீக் அப்படி இல்லை. அங்கே ஆடுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பதே மேல் அணிதான். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என நான்கு படிகள். 30 அணிகளுக்கும் படிக்கு ஒன்றாக மொத்தம் 120 கிளை அணிகள். 2020 வரை சுமார் 160 இருந்தன. 2021-இல் மேஜர் லீக் கத்தரியை எடுத்தபோது பல சிற்றூர்கள் தங்கள் அணியை இழந்தன.

● ‘ஆப்ஷன்’. மார்ச் மாதத்தில் பேஸ்பால் நிருபர்கள் வாயில் அதிகம் புரளும் சொல் இதுவாகத்தான் இருக்கும். ஒவ்வோர் அணிக்கும் 40 பேர் கொண்ட பெரிய பட்டியல் உண்டு. களமிறங்கும் 26 பேர் அதற்குள்ளிருந்தே வர வேண்டும். 40-க்குள் இருக்கும் இளைஞரை மூன்று சீசன்கள் வரை மைனருக்கு அனுப்பலாம், திரும்ப அழைக்கலாம். ஒரே சீசனில் எத்தனை முறை வேண்டுமானாலும் பந்தாடிக்கொண்டிருந்தார்கள்; 2022 முதல் ஐந்து முறைக்கு மேல் கூடாது.

மூன்று சீசன்கள் தீர்ந்துவிட்டால்? அவரைக் கீழே அனுப்புமுன் மற்ற 29 அணிகளுக்கும் ‘வேண்டுமா’ என்று காட்ட வேண்டும். யாராவது கை தூக்கினால் ஆள் கைவிட்டுப் போய்விடுவார். ஆகவே, மார்ச் முழுக்க வெளுத்து வாங்கிய 22 வயதுப் பையன் ட்ரிபிள்-ஏ பஸ் ஏறுவதும், சுமாராக ஆடிய 27 வயதுக்காரர் பெரிய அணியில் உட்காருவதும் சர்வசாதாரணம். பையனைத் திரும்ப அழைக்கலாம். இவரை விட்டால் கிடைக்கமாட்டார். ரசிகர்கள் ஆண்டுதோறும் கொதிப்பார்கள். நியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அணி மேலாளர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

● ஒரே ஒரு நாளுக்கு விலை என்ன? கிரிஸ் பிரையன்ட்டைக் கேட்டால் தெரியும்.

2015 மார்ச். சிகாகோ கப்ஸ் முகாமில் பிரையன்ட் 9 ஹோம் ரன் அடித்தார். அந்த வசந்தத்தில் அவருக்கு மேல் யாரும் அடிக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு மைனரில் 43. இதற்கு மேல் என்னதான் செய்வது? ஆனாலும் மாதக் கடைசியில் கீழே அனுப்பினார்கள். தடுப்பாட்டம் இன்னும் மெருகேற வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஏப்ரல் 17-ஆம் தேதி, சீசன் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், திடீரென்று மெருகு ஏறிவிட்டதாக மேலே அழைத்தார்கள்.

சூட்சுமம் இதுதான். பெரிய அணியில் 172 நாள் இருந்தால் ஓராண்டு அனுபவம் என்று கணக்கு. அப்படி ஆறாண்டு சேர்ந்தால், பிடித்த அணியோடு பேரம் பேசும் சுதந்திரம் வீரருக்குக் கிடைக்கும். அந்த ஆண்டு முடிவில் பிரையன்ட் கணக்கில் ஏறியது 171 நாள். ஒரு நாள் குறைந்ததில் கப்ஸுக்கு ஒரு முழு ஆண்டு லாபம். அதே ஆண்டு அவர் சிறந்த புதுமுகம். அடுத்த ஆண்டு லீகின் மதிப்புமிக்க வீரர். 108 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு கப்ஸுக்கு உலகத் தொடர் கோப்பையும் வந்தது. வீரர்கள் சங்கம் மூலம் அவர் கொடுத்த புகார் 2020-இல் தள்ளுபடியானது. விதியை யாரும் மீறவில்லையே!

● இந்தக் கூத்துக்குப் பிறகு, வீரர்கள் சங்கத்தோடு போட்ட 2022 ஒப்பந்தத்தில் ஒரு மாற்று மருந்து வைத்தார்கள். சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு, எப்போது அழைக்கப்பட்டிருந்தாலும் முழு ஆண்டுக் கணக்கு. முன்னணி இளம் வீரர் ஒருவரை முதல் நாளே களமிறக்கி, அவர் விருதும் வாங்கினால், அணிக்குப் புது வீரர் தேர்வில் கூடுதலாக ஒரு வாய்ப்பு. சியாட்டில் அணி ஜூலியோ ரோட்ரிகஸை 2022-இல் முதல் நாளே இறக்கியது. விருது அவருக்கு, கூடுதல் தேர்வு அணிக்கு. வெறும் உபதேசத்தில் மசியாதவர்கள் பரிசுக்கு மசிந்தார்கள்.

● சீக்கிரமே மேலே அழைப்பதும் எப்போதும் நல்லதில்லை. 2022 தேர்வின் முதல் ஆளான ஜாக்சன் ஹாலிடேயை 2024 முகாமுக்குப் பிறகு பால்டிமோர் அணி ட்ரிபிள்-ஏவுக்கு அனுப்பியபோது ‘மறுபடியும் பிரையன்ட் கதையா?’ என்று சத்தம் எழுந்தது. ஏப்ரல் 10-இல் அழைத்தார்கள். 34 முறை மட்டை பிடித்து 2 ஹிட். பத்து ஆட்டத்தில் திரும்ப அனுப்பிவிட்டார்கள். மைனரின் பந்துவீச்சும் மேஜரின் பந்துவீச்சும் ஒன்றல்ல.

● ‘ரூல் 5’ என்ற விசித்திரமான தேர்வு டிசம்பரில் நடக்கும். ஓர் அணி தன் 40 பேர் பட்டியலில் சேர்க்காமல் மைனரிலேயே சில ஆண்டுகள் வைத்திருக்கும் வீரரை, 1 லட்சம் டாலர் கட்டி மற்றோர் அணி எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை: சீசன் முழுக்க 26 பேருக்குள் அவரை வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் பாதி விலைக்குப் பழைய வீட்டுக்கே திருப்பித் தர முன்வர வேண்டும். திறமைசாலியை மூட்டைகட்டி மூலையில் போடாதே என்பதுதான் சாரம்.

1954-இல் இதே மாதிரி ஒரு தேர்வில்தான் புரூக்ளின் டாட்ஜர்ஸ் ராபர்ட்டோ கிளெமென்ட்டை இழந்தது. போர்ட்டோ ரிக்கோ இளைஞரான அவரை மாண்ட்ரியாலில் இருந்த கிளை அணியில் அதிகம் ஆடவிடாமல் வைத்திருந்தார்கள். ஒளித்து வைத்தார்கள் என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். பிட்ஸ்பர்க் கொத்திக்கொண்டு போனது. சரியாக 3,000 ஹிட் அடித்தவர், 1972 டிசம்பர் 31-இல் நிகரகுவா நிலநடுக்க நிவாரணப் பொருட்களோடு கிளம்பிய விமானம் விழுந்து இறந்தார்.

● 1988 தேர்வில் 62-ஆவது சுற்று, 1,390-ஆவது பெயர்: மைக் பியாசா. டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டா அவர் அப்பாவின் நண்பர். அந்த முகத்துக்காக எடுத்தார்கள். 2016-இல் பியாசா ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். இன்றைய தேர்வு 20 சுற்றோடு முடிகிறது. அவர் காலத்துச் சிபாரிசு இப்போது பலிக்காது.

● அண்மைக்காலம் வரை மைனர் வீரருக்கு முகாம் நாட்களுக்குச் சம்பளமே கிடையாது. சீசன் மாதங்களுக்கு மட்டும்தான் கூலி. ஐந்தாறு பேர் ஒரு சிறு ஃப்ளாட்டை வாடகைக்குப் பிடித்து, காற்றடைத்த மெத்தைகளை ஹாலில் வரிசையாகப் போட்டுத் தூங்குவது வழக்கம். வேறு கிளை அணிக்கு மாற்றல் வந்தால், மெத்தையை அடுத்து வருகிறவருக்கு விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். முன்னாள் வீரர்கள் சிலர் 2014-இல் போட்ட வழக்கு 2022-இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அதே ஆண்டு அணிகளே தங்குமிடம் தரத் தொடங்கின; மைனர் வீரர்களும் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் ட்ரிபிள்-ஏவின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800-க்கு ஏறியது. ஒரு படி மேலே, மேஜரில் அந்த ஆண்டு? 7,20,000. மார்ச் கடைசியில் மேனேஜர் அறைக்குக் கூப்பிடும்போது வீரர்களுக்கு ஏன் கை நடுங்குகிறது என்பது இதில் இருக்கிறது.

● கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனுக்கு அந்த நடுக்கம் வேறு வகை. 1946-இல் புரூக்ளினின் கிளை அணியான மாண்ட்ரியால் ராயல்ஸுக்காக ஃப்ளோரிடா முகாமுக்கு வந்தார். அணியினரின் ஹோட்டலில் கறுப்பருக்கு இடமில்லை. சான்ஃபோர்ட் ஊர் அவரை வெளியேறச் சொன்னது. ஜாக்சன்வில்லில் மைதானத்தையே பூட்டினார்கள். டேடோனா பீச் மட்டும் மறுக்கவில்லை. மார்ச் 17-இல் அங்கே ஆடினார். அந்த மைதானத்துக்கு இன்று அவர் பெயர். அடுத்த ஆண்டு டாட்ஜர்ஸ் ஃப்ளோரிடாவையே தவிர்த்து முகாமைக் கியூபாவின் ஹவானாவுக்குக் கொண்டுபோனது.

● 1994-இல் கூடைப்பந்தை விட்டுவிட்டு ஒயிட் சாக்ஸ் முகாமுக்கு வந்த மைக்கேல் ஜோர்டனை டபுள்-ஏவில் பர்மிங்ஹாமுக்கு அனுப்பினார்கள். 127 ஆட்டம், சராசரி .202, 3 ஹோம் ரன், ஆனால் 30 முறை பேஸ் திருடினார். கேலி செய்தவர்கள் ஏராளம். பள்ளிக்காலத்துக்குப் பிறகு பேஸ்பால் ஆடாதவர் நேராக டபுள்-ஏவில் ஐந்துக்கு ஒன்று அடித்தது எனக்குக் கேலியாகத் தெரியவில்லை. மறு வசந்தத்தில் வேலைநிறுத்தம். போராடும் வீரர்களுக்குப் பதிலாக இறங்க மறுத்து, கூடைப்பந்துக்கே போய்விட்டார். அந்த மாற்று வீரர்களைச் சீசனில் இறங்கவிடாமல் செய்தது ஒரு மாவட்ட நீதிபதியின் தடையுத்தரவு. நீதிபதி பெயர் சோனியா சோட்டோமேயர். பின்னாளில் உச்ச நீதிமன்றம் வரை போனவர்.

● திபெத்தில் யோகம் பயின்று, மணிக்கு 168 மைல் வேகத்தில் பந்தெறியும் சித் ஃபிஞ்ச் மெட்ஸ் முகாமுக்கு வந்திருப்பதாக 1985-இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ எழுதியது. ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்டிருப்பாராம். மெட்ஸ் ரசிகர்கள் துள்ளினார்கள். இதழின் தேதியை யாரும் கவனிக்கவில்லை: ஏப்ரல் 1.

● நம்ப முடியாத நிஜக் கதையும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் ஈட்டி எறியும் வீரர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஒரு டி.வி. போட்டியில் முதல் இரண்டு இடம் பிடித்து, 2008-இல் பிட்ஸ்பர்க்கின் மைனர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பேஸ்பாலையே அதற்குமுன் அறியாதவர்கள். இருவரும் மேஜரை எட்டவில்லை. அவர்கள் கதையைச் சொன்ன ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படத்துக்கு இசை ஏ.ஆர். ரஹ்மான்.

● பயிற்சி ஆட்டம் சமனில் முடிந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. 2023 பிப்ரவரி 25-இல் பாஸ்டன்–அட்லான்டா ஆட்டம் 6-6. ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், அடுத்த பந்தே முடிவு. அட்லான்டாவின் கேல் கான்லி தயாராக நிற்பதற்குள் பந்துக்குப் பந்து நேர வரம்பு வைக்கும் புதிய கடிகார விதிப்படி நேரம் தாண்டிவிட்டது. நடுவர் ஸ்ட்ரைக் கொடுத்தார். ஆட்டம் முடிந்தது. அந்தக் கடிகாரத்தை முதலில் ஓடவிட்டுச் சோதித்தது மைனரில்தான்.

● 13-ஆவது சுற்றில், 402-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஒருவர் 2000-ஆம் ஆண்டின் பெரும்பகுதியைக் கீழ்ப்படியில் கழித்தார். 2001 செயின்ட் லூயிஸ் முகாமில் அவருக்கு இடமே திட்டமிடப்படவில்லை. கடைசி நாட்களில் மூத்த வீரர் பாபி போனியாவுக்குக் காயம் பட்டது. காலியான இடத்தில் நுழைந்த ஆல்பர்ட் பூஹோல்ஸ் அந்த ஆண்டு 37 ஹோம் ரன் அடித்தார். 2022-இல் ஓய்வு பெறும்போது எண்ணிக்கை 703.