சகபயணி என்ற பட்டம்

கட்சியில் உறுப்பினராகச் சேராமலே அதன் கொள்கைக்கு ஆதரவாக நிற்பவரை ஆங்கிலத்தில் ‘ஃபெல்லோ டிராவலர்’ என்பதுண்டு. தமிழில் சகபயணி. அன்றாடப் பேச்சில் அதிகம் அடிபடாத இந்தச் சொல், அரசியல் பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது ரஷ்ய இலக்கிய உலகிலிருந்து.

ஒரே வழியில் கூட நடப்பவரைக் குறிக்கும் ‘பபூத்சிக்’ என்ற சாதாரண ரஷ்யச் சொல்லை எழுத்தாளர்களுக்குச் சூட்டிப் பரப்பியவர் ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான லியோன் டிராட்ஸ்கி. 1923இல் வந்த ‘இலக்கியமும் புரட்சியும்’ நூலில் போரிஸ் பில்னியாக், விசெவலோத் இவானோவ், கவிஞர் எசெனின் முதலியோரை அவர் இப்படி அழைத்தார். புரட்சியை ஏற்றவர்கள்தான், ஆனால் அவரவர் போக்கில் ஏற்றவர்கள். எதுவரை கூட வருவார்கள் என்ற சந்தேகம் அந்தப் பெயரிலேயே இருந்தது. ஆனாலும் தொடக்கத்தில் அது ஒரு சலுகை. வரோன்ஸ்கி ஆசிரியராக இருந்த ‘கிராஸ்னயா நோவ்’ இதழ் இவர்களுக்கு இடம் கொடுத்தது. இவர்களை அரவணைத்துப் போக வேண்டும் என்று 1925இல் கம்யூனிஸ்ட் கட்சியே தீர்மானம் போட்டது. அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த ரஷ்ய உரைநடையில் பெரும்பங்கு இவர்களுடையது என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்தச் சலுகை எவ்வளவு மெல்லியது என்பதற்குப் பில்னியாக்கின் வாழ்க்கையே சாட்சி. 1926 மே மாத ‘நோவி மிர்’ இதழில் அவருடைய ‘அணையாத நிலவின் கதை’ வெளிவந்தது. விருப்பமில்லாத படைத்தளபதி ஒருவர், மேலிடத்து உத்தரவுக்குக் கட்டுப்பட்டு அறுவை சிகிச்சை மேசையில் படுக்கிறார். குளோரோஃபார்ம் மயக்கத்திலிருந்து மீளாமல் இறந்துபோகிறார். முந்தைய ஆண்டு அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்த தளபதி ஃப்ரூன்சேயை வாசகர்கள் உடனே நினைத்துக்கொண்டார்கள். கதையின் முன்னுரை அதை மறுத்தும் பயனில்லை. இதழ் பறிமுதல் செய்யப்பட்டது. 1929இல் அவருடைய இன்னொரு படைப்பு பெர்லினில் அச்சானதைக் காட்டிப் பத்திரிகைகள் அவரை வேட்டையாடின. அடுத்து, பாட்டாளி எழுத்தாளர் சங்கம் சகபயணி என்ற இடத்தையே இல்லாமல் ஆக்கியது: ஒருவர் கூட்டாளியாக இருக்க வேண்டும், இல்லையேல் எதிரி. 1932இல் அந்தச் சங்கமும் கலைக்கப்பட்டு, எழுத்தாளர்கள் எல்லாரும் ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவரப்பட்டனர். வரோன்ஸ்கி 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜப்பானின் உளவாளி என்று குற்றம்சாட்டப்பட்ட பில்னியாக்குக்கு 1938 ஏப்ரலில் அதே முடிவு.

மேற்கு நாடுகளில் 1930களில் சோவியத்தை ஆதரித்த எழுத்தாளர்களுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களில் பிரான்சின் ஆந்த்ரே ஜீத் பாதியில் இறங்கியவர். 1936இல் சோவியத் நாட்டைச் சுற்றிப்பார்த்த அவர், எழுத்தாளர் கார்க்கியின் இறுதிச் சடங்கில் செஞ்சதுக்கத்தில் உரையாற்றினார். அதே ஆண்டு இறுதியில், அங்கே கண்ட அச்சத்தையும் ஒரேமாதிரிச் சிந்தனையையும் விமர்சித்துப் புத்தகம் வெளியிட்டார். நேற்றுவரை கொண்டாடிய இடதுசாரிகள் அவரைத் துரோகி என்றார்கள்.

பனிப்போர்க் காலத்தில் சொல் முழுக்கக் குற்றச்சாட்டாக மாறியது. சோஷலிஸ்ட் எழுத்தாளரான ஜார்ஜ் ஆர்வெல், 1949இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பிரசாரப் பிரிவுக்கு 38 பேரின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். மறைமுகக் கம்யூனிஸ்டுகள், சகபயணிகள் என்று அவர் கருதியவர்கள் அவர்கள். பிரசார எழுத்துக்கு அவர்களை நம்பக் கூடாது என்பது அவர் எண்ணம். நடிகர் சார்லி சாப்ளின் பெயரும் அதில் இருந்தது. முழுப் பட்டியல் 2003இல்தான் வெளியுலகுக்கு வந்தது.