‘இதுவும் பலிக்காவிட்டால்?’: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் வரும் பயம்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு வரும் பயத்தில் கத்தியைப் பற்றியது ஒரு பங்குதான். மயக்க மருந்து, தையல், வலி பற்றியெல்லாம் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்பவர்கள்கூட ஒரு கேள்வியை மட்டும் உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்: இதுவும் பலிக்காவிட்டால்? பேலியோ, ஜிம், கொள்ளுக் கஞ்சி, வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு, பணம் கட்டிச் சேர்ந்த டயட் வகுப்பு என எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் எடை இறங்கி, பிறகு வட்டியோடு திரும்பி வந்தது. அறுவை சிகிச்சை என்பது கடைசி வாசல் என்ற நினைப்போடு வருகிறவருக்கு, அதற்கு அப்பால் வாசலே இல்லை என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது. பழைய அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கணக்கு. கணக்கில் ஒரே ஒரு பிழை உண்டு: முந்தைய தோல்விகள் எல்லாம் தன் மன உறுதியின் குறை என்று அது எடுத்துக்கொள்கிறது. மருத்துவ ஆய்வுகள் சொல்வது வேறு. உணவுக் கட்டுப்பாட்டுச் சிகிச்சைக்கு வந்த 100 பேரைப் பின்தொடர்ந்து அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 9 கிலோவாவது குறைத்தவர்கள் 12 பேர். இரண்டு ஆண்டுக்குப் பிறகும் அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் மன உறுதி இல்லை என்று சொல்வது அபத்தம்.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு ஆண்டு கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு மறுபடி அளந்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஓய்வாக இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் சக்தியோ, அந்த உடல் அளவுக்கு எதிர்பார்க்கக் கூடியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. எடை இறங்கியதைப் பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி, செலவைச் சுருக்கிக்கொண்ட உடல், எடை திரும்பிய பிறகும் அந்தச் சிக்கனத்தை விடவில்லை. 2016-ல் வெளியான இந்த முடிவு, டயட் இருந்து தோற்ற எவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டியது.

அறுவை சிகிச்சை கை வைப்பது இந்த இடத்தில்தான். வயிற்றைச் சின்னதாக்கி, வலுக்கட்டாயமாகக் குறைவாகச் சாப்பிட வைப்பது என்றே பலரும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது பாதி உண்மை. ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். எடுக்கப்படும் மேல் பகுதியில்தான் பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்ற ஹார்மோன் பெருமளவில் சுரக்கிறது. ஆகவே கொள்ளளவோடு சேர்ந்து பசியின் குரலும் தணிகிறது. எட்வர்ட் மேசன் 1966-ல் அமெரிக்காவின் அயோவாவில் தொடங்கிவைத்த ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ முறையின் இன்றைய வடிவத்தில், இரைப்பையின் உச்சியில் ஒரு சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, சிறுகுடலில் சற்றுத் தள்ளியுள்ள பகுதியோடு இணைக்கப்படுகிறது. உணவு சீக்கிரமே அங்கே போய்ச் சேர்வதால், ‘போதும்’ என்ற சேதியை மூளைக்கு அனுப்பும் ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. இன்று பேசப்படும் எடைக்குறைப்பு ஊசிகள் போலி செய்வதும் இதே ஹார்மோனைத்தான். டயட்டில் ஒருவர் தன் பசியோடு தனியாக மல்லுக்கட்டினார். இங்கே பசியே மாறுகிறது. எனவே டயட்டில் தோற்றவர் அறுவை சிகிச்சையிலும் தோற்பார் என்பதற்கு நேரடி ஆதாரம் எதுவும் அந்தப் பழைய தோல்வியில் இல்லை.

அப்படியானால் தோல்வி என்பதே இல்லையா? உண்டு. ஆனால் எதைத் தோல்வி என்பது என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது; பயத்தின் பெரும் பகுதி இந்தக் குழப்பத்தில்தான் வளர்கிறது. 160 செ.மீ. உயரமும் 115 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையை மதிப்பிடும் குறியீடு) 45. பி.எம்.ஐ. 25 என்ற கணக்கில் அவர் உயரத்துக்கு உரிய எடை 64 கிலோ. ஆக, மிகை எடை 51 கிலோ. மிகை எடையில் பாதியாவது போனால்தான் வெற்றி என்பது மருத்துவ இதழ்களில் நெடுங்காலம் வழங்கிய அளவுகோல். அவர் 24 கிலோ குறைந்து 91-க்கு வந்தால், ஒன்றரைக் கிலோ வித்தியாசத்தில் ‘தோல்வி’ப் பட்டியலில் சேர்ந்துவிடுவார். மொத்த எடையில் 20 சதவீதம் குறைந்தால் போதுமான பலன் என்று கொள்ளும் இப்போதைய அளவுகோலிலோ அதே பெண் தேறிவிடுகிறார். மூட்டு வலி குறைந்து மாடி ஏறுகிறாரா, சர்க்கரை மாத்திரை குறைந்ததா, இரவில் மூச்சுத் திணறாமல் தூங்குகிறாரா என்பதெல்லாம் இரண்டு கணக்கிலும் வராது.

நோயாளிகள் மனத்துக்குள் வைத்திருக்கும் அளவுகோல் இவை இரண்டையும்விடக் கடுமையானது. டயட் சிகிச்சைக்கு வந்த 60 பெண்களிடம் 1997-ல் கேரி ஃபாஸ்டர் குழுவினர் நடத்திய ஆய்வில், அவர்கள் விரும்பிய எடை, இருந்த எடையைவிட 32 சதவீதம் குறைவாக இருந்தது. 17 கிலோ குறைந்தால் ‘ஏமாற்றம்’ என்றே அவர்கள் வகைப்படுத்தினார்கள். சிகிச்சை முடிவில் சராசரியாகக் குறைந்ததோ 16 கிலோ. உடலுக்கு அது பெரிய லாபம். மனத்துக்கு ஏமாற்றத்திலும் கீழே. அறுவை சிகிச்சைக்கு வருபவர்களிலும் கல்லூரிக் கால எடையையோ கல்யாணப் புடவை கட்டிய எடையையோ இலக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு மேசையில் படுப்பவருக்குத் தோல்வி முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

உண்மையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 1987-ல் ஸ்வீடனில் தொடங்கி, அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், செய்துகொள்ளாத அதே அளவு பேரையும் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாண்டு முடிவில் அது 25 சதவீதமாக நின்றது. அதாவது கொஞ்சம் திரும்பி வருவதுதான் வழக்கமான பாதை. பெரும் பகுதி திரும்பவில்லை. சர்க்கரை நோயிலும் இதே கதை: இரண்டாம் ஆண்டில் 72 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, பத்தாம் ஆண்டில் 36 சதவீதம் பேருக்கு. பாதிப் பேருக்கு நோய் திரும்பியது என்று இதை வாசிக்கலாம். அவர்களுக்கும் சில ஆண்டுகளாவது சர்க்கரையின் சேதம் தள்ளிப்போனது என்றும் வாசிக்கலாம். இந்த ஆய்வில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது.

உயிர் பயத்துக்கும் ஒரு எண் உண்டு. 4,776 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். வயது, இதய நோய், கால் ரத்தக்குழாயில் முன்பு ரத்தம் உறைந்த வரலாறு, தூக்கத்தில் மூச்சு நிற்பது ஆகியவை ஆளுக்கு ஆள் இந்த எண்ணை மாற்றும். தன்னுடைய எண் என்ன என்று அறுவை சிகிச்சை நிபுணரிடம் நேராகவே கேட்கலாம்.

பதில் சொல்ல இன்னும் கடினமானது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம். இதய ஆபரேஷன் செய்துகொண்டவரிடம் யாரும் ‘குறுக்கு வழி’ என்று சொல்வதில்லை. எடைக்கு ஆபரேஷன் என்றால், ‘வாயைக் கட்டினால் போதாதா’ என்று கேட்க ஒரு அத்தையாவது இருப்பார். எடை மறுபடி ஏறினால் அவருக்கு முன்னால் நிற்க வேண்டுமே என்ற கூச்சம் பலரை வாட்டுகிறது. பணமும் இதில் சேர்கிறது: காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பி.எம்.ஐ. குறைந்தது 40, அல்லது கடுமையான இணை நோயோடு குறைந்தது 35 இருப்பவர்களுக்கு மட்டுமே இந்தச் சிகிச்சையைக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றது. அந்த வரம்புக்குக் கீழே இருந்து, நகையை வைத்துப் பணம் புரட்டியவருக்கு, பலிக்காவிட்டால் குடும்பத்துக்கே நஷ்டம் என்ற பாரம் கூடுகிறது. எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வீட்டில் சமைப்பவர், மருத்துவமனைக்குக் கூட வருபவர், மனம் விட்டுப் பேச ஒருவர் ஆகியோருக்குத் தெரிந்தால் போதும். மற்றவர்களுக்கு ‘வயிற்றில் ஒரு ஆபரேஷன், டாக்டர் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்’ என்பது பொய்யும் இல்லை, முழுக் கதையும் இல்லை.

தோல்வி பயம் செய்யும் பெரிய கெடுதல், அது நினைப்பை இரண்டே பெட்டிகளில் அடைப்பது: முழு வெற்றி, முழுத் தோல்வி. குடியை விட முயன்றவர்களை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட், ஒருமுறை சறுக்குவதையும் பழைய நிலைக்கே திரும்புவதையும் 1980-களில் வேறுபடுத்திக் காட்டினார். முதல் சறுக்கலைவிட, ‘எல்லாம் போச்சு’ என்று அதற்குக் கொடுக்கும் விளக்கமே ஆளைக் கவிழ்க்கிறது என்பது அவர் கண்டது. கல்யாணப் பந்தியில் ஒரு ஜாங்கிரி சாப்பிட்டால் ஏறும் எடை ஒன்றுமில்லை. ‘இனிமேல் என்ன கட்டுப்பாடு’ என்று மூன்று மாதம் விட்டுவிடுவதுதான் சேதம். இதற்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒரு தயாரிப்பு செய்யலாம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பரிந்துரைத்த ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வாக்கியங்களை எழுதிவைப்பது அது. ‘பந்தியில் இனிப்பு வைத்தால், ஒரு வாய் எடுத்துக்கொண்டு இலையை மூடுவேன்’, ‘இரவு பத்து மணிக்கு மேல் ஏதாவது கொறிக்கத் தோன்றினால், தங்கைக்குப் போன் செய்வேன்’ என்று அவரவர் வாழ்க்கைக்கு ஏற்ப எழுதலாம். பொதுவான உறுதிமொழியைவிட இது வேலை செய்வதற்குக் காரணம், அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போவதுதான்.

பயத்தைக் கைவேலையாக மாற்றுவது இன்னொரு வழி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு செய்ய வேண்டிய பலவற்றை இன்றைக்கே ஒத்திகை பார்க்கலாம்: சிறு கவளமாக எடுத்து நன்றாக மெல்லுதல், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி தள்ளிக் குடித்தல், தட்டில் முதலில் புரதத்தைத் தொடுதல். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவைப்படும் நிலையில், சைவம் சாப்பிடுபவர்கள் அதைத் தயிர், பனீர், சுண்டல், பருப்பு எல்லாம் சேர்த்து எட்டுவது எப்படி என்று டயட்டீஷியனோடு முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் போடுவது நல்லது. ‘இனிமேல் கிடைக்காதே’ என்று கடைசி வாரங்களில் பிரியாணிக் கடைகளைச் சுற்றுவது பலருக்கும் நேர்வது. கல்லீரலைச் சுருக்குவதற்காகக் கொடுக்கப்படும் முன் டயட்டை அது கெடுக்கும். அந்த டயட்டில் சறுக்கினால் குழுவிடம் சொல்லிவிட வேண்டும். கல்லீரல் பெரிதாகவே இருந்தால் அதைத் தூக்கிப் பிடித்து இரைப்பையை எட்டுவது சிரமமாகும் என்பதுதான் அவர்கள் கவலை. யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

மனநல மதிப்பீட்டையும் பலர் தேர்வாகவே எண்ணி, நடந்ததை மறைத்துவிடுகிறார்கள். பசியில்லாதபோதும் நிறுத்த முடியாமல் சாப்பிடும் பழக்கம், துக்கத்துக்குச் சாப்பிடுவது, இரவில் எழுந்து சாப்பிடுவது, குடி, மனச்சோர்வு இவையே பின்னாளில் எடை ஏறுவதோடும் வேறு இன்னல்களோடும் தொடர்புள்ளவை. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும். இரண்டாம் ஆண்டில் குடிப் பிரச்சினை கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே உள்ளே உறுத்தும் பயத்தை எல்லா நேரமும் தட்டித் தூங்கவைக்கக் கூடாது. ‘துக்கம் வந்தால் என் கை சாப்பாட்டுக்குத்தான் போகும்’ என்ற பயம் உண்மையான தகவல். அதைச் சொன்னால் சில மாதம் சிகிச்சை கொடுத்துவிட்டு அறுவை சிகிச்சை செய்வார்கள். அந்தத் தள்ளிவைப்பை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து, வேலை செய்ய முடியாத அளவுக்குப் பயம் போனால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும்.

தோல்வி போலத் தோன்றினாலும் தோல்வி இல்லாத சில கட்டங்களை முன்பே தெரிந்துவைத்திருந்தால் பாதிக் கலக்கம் போகும். முதல் இரண்டு வாரம் திரவ உணவிலேயே இருக்கும்போது, ‘ஏன் இதைச் செய்துகொண்டேன்’ என்ற நினைப்பு வருவது சகஜம். மூன்றாம் வாரத்தை ஒட்டி எடை இயந்திரம் சில நாள் நகராமல் நிற்கும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். தோல் தொங்கும். ஒன்றரை, இரண்டு ஆண்டில் இறக்கம் நின்று, கொஞ்சம் ஏறத் தொடங்கும்.

எடை நிஜமாகவே திரும்பினால் என்ன செய்வது என்பதையும் அறுவை சிகிச்சைக்கு முன்பே பேசிவைக்கலாம். எடை ஏறியவர்களில் பலர் வெட்கப்பட்டு மறுபரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். உதவி தேவைப்படும் நேரமும் அதுதான். எட்டிய மிகக் குறைந்த எடையிலிருந்து, உதாரணமாக 5 கிலோ கூடினால் மருத்துவமனைக்குப் போன் செய்வது என்று ஒரு எண்ணை இரு தரப்பும் இப்போதே முடிவு செய்துகொண்டால், அந்த அழைப்பு குற்ற ஒப்புதலாக இருக்காது. வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டியிருப்பதால், எடை எப்படி இருந்தாலும் ரத்தப் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும். ஏறியதற்குக் காரணம் உணவுப் பழக்கமா, புதிதாகச் சேர்ந்த மருந்தா, மனச்சோர்வா, இரைப்பை விரிந்ததா என்று முதலில் பார்ப்பார்கள். எடைக்குறைப்பு ஊசி வகையைச் சேர்ந்த செமாகுளுடைடு போன்ற மருந்துகள் இப்போது இந்தக் கட்டத்திலும் தரப்படுகின்றன. ஸ்லீவ் செய்தவருக்கு அதைப் பைபாஸாக மாற்றும் இரண்டாம் அறுவை சிகிச்சையும் உண்டு. முதல் முறையைவிட அதில் சிக்கல்கள் அதிகம் என்பதால், மற்ற வழிகளைப் பார்த்த பிறகே பெரும்பாலும் அதற்குப் போகிறார்கள்.