அழித்த பின்னும் நிற்கும் கோடுகள்

காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் பெங்களூர் வீட்டில், தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி இருந்தால் எவ்வளவு நிம்மதி! இன்ஜினியரிங் படிக்கும் என் தங்கை மகன் அப்படி ஒன்றைச் செய்யக் கிளம்பினான். பாகங்களை எஸ்.பி. ரோட்டில் வாங்கினான். சர்க்யூட் போர்டைக் கீகேட் என்ற மென்பொருளில் வரைந்தான். 1992-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய இலவச மென்பொருள் இது. பின்னாளில் செர்ன் ஆய்வுக்கூடமும் இதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது.

பீன்யாவில் பல வருஷம் போர்டு வரைந்தவன் என்பதால், தயாரிக்க அனுப்பும் முன் என்னிடம் காட்டினான். பார்த்ததும் பகீரென்றது.

போர்டில் ரிலேயின் ஒரு பக்கம் 230 வோல்ட். மறுபக்கம் 5 வோல்ட். அதிலிருந்துதான் தொட்டித் தண்ணீருக்குள் உணர்கம்பி இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே 6 மில்லிமீட்டராவது வெற்றிடம் விடுவது எங்கள் வழக்கம். அந்த வெற்றிடத்துக்குள் 5 வோல்ட் டிராக் ஒன்று நீட்டிக்கொண்டு, 230 வோல்ட் டிராக்கிலிருந்து 1 மில்லிமீட்டரில் நின்றது. ஈரமும் தூசியும் சேர்ந்தால் மின்சாரம் அதைத் தாண்டித் தண்ணீருக்கே போய்விடலாம்.

"அங்கே முதல்ல ஒரு எல்.இ.டி. இருந்தது மாமா, அப்புறம் எடுத்துட்டேன்" என்றான். "சாஃப்ட்வேர் தப்பே இல்லைன்னுதானே சொல்லுது?"

இங்கேதான் சூட்சுமம். புள்ளிக் கோலத்தில் புள்ளியை அழித்தால் கோடு தானாக அழியுமா? சர்க்யூட் படத்தில் ஒரு பாகத்தை நீக்கிப் போர்டைப் புதுப்பிக்கும்போது பாகத்தையும் நீக்கச் சொல்லலாம். அதற்குப் போட்ட டிராக் அப்படியே நிற்கும். அறுந்த இணைப்பு எதுவும் இல்லையே, அதனால் பிழை என்றும் வராது. டி.ஆர்.சி. என்னும் சோதனை, 'ஒரு முனை இணைக்கப்படவில்லை' என்று எச்சரிக்கை மட்டும் தரும். பையன் பிழைகளைப் பார்த்தான், எச்சரிக்கைகளைப் பார்க்கவில்லை. இடைவெளிக் கணக்கிலும் அது தப்பிவிட்டது. கீகேட் தானாக வைத்திருக்கும் அளவு 0.2 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் அதற்குத் தாராளம்!

அந்தக் காலத்தில் மைலார் தாளில் கறுப்பு டேப் ஒட்டித்தான் போர்டு வரைவோம். பாகத்தை எடுத்தால் டேப்பையும் பிளேடால் உரிப்போம். கையே வேலை செய்ததால் கண்ணும் கூடவே போனது. இப்போது கண்ணை நாமாகத்தான் அனுப்ப வேண்டும்.

சுத்தம் செய்வது சுலபம். முதலில் கோப்புக்கு ஒரு நகல். பிறகு டூல்ஸ் பட்டியில் 'கிளீனப் டிராக்ஸ் அண்ட் வையாஸ்'. ஒரு முனை தொங்கும் டிராக்குகள், தேவையில்லாத வையாக்கள், ஒரே நேர்கோட்டில் துண்டு துண்டாகக் கிடப்பவை என்று எதை எதைத் துடைப்பது என்பதை நாமே தேர்வு செய்யலாம். நீக்கப்போவதன் பட்டியலை முதலில் காட்டும். அதைப் படிக்காமல் சரி சொல்லக் கூடாது. ஏனென்றால் முனை தொங்குவதெல்லாம் குப்பை அல்ல. போர்டிலேயே வரைந்த ஆன்டெனாவுக்கும் ஒரு முனை திறந்துதான் இருக்கும். அப்படி ஏதாவது பட்டியலில் வந்தால் அந்தத் தேர்வை விட்டுவிட்டு, மிச்சத்தைக் கையால் அழிப்பதே நல்லது. கடைசியில் செம்புப் பரப்புகளை மறுபடி நிரப்பி, மறுபடி டி.ஆர்.சி.

துடைத்தால் மட்டும் போதாது. 230 வோல்ட் டிராக்குகளைத் தனி நெட் வகுப்பாக்கி, அதற்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி விதிக்கச் சொன்னேன். விதித்தான். இனி யார் மறந்தாலும் மென்பொருள் பிழை என்றே சொல்லும்.

இன்று அந்தக் கருவி என் தங்கை வீட்டு மாடியில் ஓடுகிறது. தொட்டியில் கைவிட்டுத் தண்ணீர் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். போர்டு வரையும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். எச்சரிக்கைப் பட்டியலை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.