தமுக்கு அடித்தவரிடம் யாரும் கேட்கவில்லை

பேரிகை என்றால் முரசு. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தண்டோராதான் நினைவுக்கு வரும். ஏரி ஏலம், வரி பாக்கி, திருவிழாக் கூட்டம் என்று எதுவானாலும் தெருத் தெருவாக நின்று சொன்னது காலனியிலிருந்து வந்த ஒருவர்தான். என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தவர் வேறு. அடித்தவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றார். நல்ல காரியம். தோளிலிருந்து தமுக்கு இறங்கியது. ஆனால், எது செய்தி என்று முடிவு செய்யும் மேசைக்கு அந்தத் தோளுக்குரியவர் போய்ச் சேர்ந்தாரா?

இந்தக் கேள்வியை முதலில் எண்ணிக்கையோடு கேட்டவர் பி.என். உனியால் என்ற டெல்லிப் பத்திரிகையாளர். 1996இல் வாஷிங்டன் போஸ்ட் இதழின் டெல்லி நிருபர் கென்னத் கூப்பர், தான் பேசுவதற்கு ஒரு தலித் பத்திரிகையாளரைக் காட்டும்படி அவரிடம் கேட்டார். கூப்பர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். முப்பது ஆண்டுகள் தொழிலில் இருந்தும் தனக்கு ஒருவரைக்கூடத் தெரியாது என்பது உனியாலுக்கு அப்போதுதான் உறைத்தது. அரசு அங்கீகாரம் பெற்ற நிருபர்களின் பட்டியலை எடுத்தார். மொத்தம் 686 பேர். அதில் 454 பேருக்குப் பெயரோடு சாதிப் பெயரும் ஒட்டியிருந்தது. அவர்களில் தலித் யாரும் இல்லை. மீதி 232 பேரில் 47 பேரைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தார். அதிலும் இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் இதை அப்படியே ‘பயனியர்’ நாளிதழில் எழுதினார்.

2006இல் டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரை ஆய்வு செய்தார்கள். ஒரு தலித்தும் இல்லை, ஒரு பழங்குடியினரும் இல்லை. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து 121 தலைமைப் பொறுப்புகளை எண்ணின. 106 இடங்களில் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அப்போதும் இல்லை.

தமிழில் இந்த வேலையைச் செய்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இதழியல் ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம். செய்தி அறைகளில் தலித்துகள் இல்லாததைப் பற்றி 2011இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. பழைய நூலகங்களைத் தோண்டி 1869இன் ‘சூரியோதயம்’ முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களின் வரலாற்றை ஒரு நூலாக்கினார். எழுதத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்பவர்கள் அந்த நூலைப் புரட்டட்டும். ரெட்டைமலை சீனிவாசனின் ‘பறையன்’ 1893இல் வந்தது. அயோத்திதாசரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907 ஜூனில் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கி, ஓராண்டில் ‘தமிழன்’ ஆனது.

அந்தத் ‘தமிழன்’ பேரிகைக்கு எவ்வளவு பக்கம் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. எல்லை கடந்து மாலூர், பங்காரப்பேட்டை தாண்டினால் கோலார் தங்கவயல். அயோத்திதாசர் 1914இல் மறைந்த பிறகு, 1926இல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை அங்கிருந்துதான் நடத்தினார். சுரங்கத்துக்குள் இறங்கிய கூலிகளின் ஊரில், அவர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்த இதழ் அது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. வேலைக்கு அங்கே போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

செய்தி அறையில் யார் இருந்தால் என்ன, செய்தி சரியாக இருந்தால் போதாதா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சரியா என்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. காவல் நிலையத்தில் கேட்கிறோம், ஊர்ப் பெரியவரிடம் கேட்கிறோம். காலனிக்குள் போக நேரம் இருப்பதில்லை. உள்ளூர் நிருபரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது, பொங்கல் மலருக்கு விளம்பரம் பிடித்தால்தான் நாலு காசு. விளம்பரம் தருகிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி எழுதப்படும் செய்தியை அதன் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். ‘குடிசை எரிந்தது’ என்பது தன்வினை, ‘குடிசையை எரித்தனர்’ என்பது பிறவினை. முதல் வாக்கியத்தில் தீ மட்டும் இருக்கிறது, தீ வைத்த கை இல்லை. ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்பதும் இந்த வகைதான். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. சூறையாடியவர்கள் ஒரு பக்கம், உயிர் தப்பி ஓடியவர்கள் மறுபக்கம். இன்றுவரை அதற்குப் பெயர் ‘தருமபுரி கலவரம்’. கலவரம் என்றால் இரண்டு பேரும் அடித்துக்கொண்டது போல ஆகிவிடுகிறது.

குற்றச்சாட்டு உள்ள செய்தியை வெளியிடும் முன் சம்பந்தப்பட்டவரிடமும் கேட்க வேண்டும் என்கின்றன இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறைகள். குற்றத்தோடு தொடர்பில்லாத இடத்தில் சாதியைக் குறிப்பிடாதே என்றும் சொல்கின்றன. நியாயம். ஆனால் சாதிதான் குற்றத்துக்கே காரணமாக இருக்கும் இடத்திலும் ‘குடும்பத் தகராறு’ என்று எழுதிவிட்டு இந்த நெறியைச் சாக்காகக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் பகுதியில் இன்னொரு சிக்கல், எல்லை. 2018 நவம்பரில் ஓசூர் அருகே சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த சாதி மறுப்புத் தம்பதி கடத்திக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கிடைத்தது கர்நாடகத்தில், மண்டியா மாவட்டத்துச் சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில். அங்கே அது அடையாளம் தெரியாத உடல். இங்கே அது காணாமல் போனவர்கள் பற்றிய புகார். இரண்டையும் சேர்த்தது அந்த இளைஞர் போட்டிருந்த டி-சர்ட். அதில் அம்பேத்கர் படமும் ‘ஜெய் பீம்’ என்ற சொல்லும் ஊர்ப் பெயரும் அச்சாகியிருந்தன. துணியில் ஊர்ப் பெயர் இல்லையென்றால் அந்த உடலுக்குரியவர் யார், கொன்றவர் யார் என்பது எத்தனை நாள் கழித்துத் தெரிந்திருக்கும்? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, வேலைக்கு மாலூர் போய்வரும் பிள்ளைகள் நம் காலனிகளில் நிறைய. எல்லையின் இரண்டு பக்கமும் போன் போட்டுக் கேட்க அவர்களைவிடப் பொருத்தமான நிருபர் கிடைக்க மாட்டார். ஆனால் அவர்களைத் தேடி யாரும் வருவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தவறையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில், பேரிகைப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து போன் வந்தது. “தண்ணியை நிறுத்திட்டாங்க.” நான் நேரில் போகவில்லை. தெரிந்த நிருபரிடம் ‘தலித்துகளுக்குக் குடிநீர் மறுப்பு’ என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அச்சில் வந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தால், ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. ஊர்த் தெருவுக்கும் தண்ணீர் இல்லை. இரண்டு மாதம் கழித்து உண்மையிலேயே பொதுக் குழாயில் பிடிக்க விடாமல் தடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். புகார் கொடுக்கப் போன பெண்களுக்குக் கிடைத்த பதில், “போன தடவையும் இப்படித்தானே சொன்னீங்க.” என்னுடைய ஒரு போன் அழைப்புக்காக அவர்கள் நாள் கணக்கில் தூரத்துக் கிணற்றுக்கு நடந்தார்கள். ‘பறையன்’ இதழிலும் 1896இல் வாசகர் கடிதம் ஒன்றை வெளியிட்டதற்காக வழக்கு நடந்து, ரெட்டைமலை சீனிவாசனுக்கு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் அவர் பெயரில்தான் விழுந்தது. என் விஷயத்தில் கட்டியது வேறு ஆட்கள்.

அதிலிருந்து எங்கே அழைத்தாலும் நேரில் போகிறேன். எந்த இடம், எத்தனை மணி, பக்கத்தில் நின்றது யார் என்று எழுதிக்கொள்கிறேன். தடுத்ததாகச் சொல்லப்படுகிறவரிடமும் கேட்கிறேன், திட்டு வாங்கினாலும். போன மாதம் ஒரு பாதைப் பிரச்சினை பற்றி எட்டு வீடுகள் என்று ஒரு துண்டறிக்கையில் எழுதியிருந்தேன். அந்தக் காலனியில் கல்லூரி முதலாமாண்டு படிக்கும் பெண் அழைத்தாள்.

“அண்ணா, எட்டு இல்ல, பதினொன்னு. ஏரிக்கரை ஓரமா மூணு வீடு இருக்கு, நீங்க அந்தப் பக்கம் வரவே இல்ல. நான் போய் எண்ணிட்டேன்.”