நம் மாவட்டக் கடலின் புல்வெளி

திருவரங்குளத்து உழவருக்கும் நெசவாளருக்கும் கடல் அயலானதன்று. நமது புதுக்கோட்டை மாவட்டம் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய கரையூர்களோடு பாக் விரிகுடாவில் முடிகின்றது.

இவ்விரிகுடாவை இயற்கையே கட்டிய துறைமுகம் எனலாம். வடக்கே கோடியக்கரை முனை; கிழக்கே யாழ்ப்பாணக் குடாநாடு; தெற்கே இராமேசுவரத் தீவும் ஆதம் பாலத்து மணல்திட்டுகளும். இவை பேரலைகளைப் பெரிதும் தடுத்துவிடுகின்றன. ஆயினும் பெருங்கப்பலுக்கு இங்கு ஆழம் போதாது. கப்பலுக்கு ஆகாத அந்த ஆழமின்மையே கடற்புல்லுக்கு வாழ்வளிக்கின்றது.

கடலடியில் புல் முளைக்குமோ என உறுப்பினர்கள் வியக்கக்கூடும். பாசி வேறு, புல் வேறு. பாசிக்கு மெய்யான வேர் இல்லை. கடற்புல்லோ நம் வரப்பிலுள்ள அருகைப்போலத் தண்டு படர்ந்து, கணுக்களில் வேரூன்றி, நீருக்குள்ளேயே பூத்து விதை தருவது. அதற்கு வெயில் வேண்டும். ஆழமற்ற தெளிநீரில் கதிரொளி தரைவரை இறங்குகின்றது. இறாலும் நண்டும் இளமையில் இப்புல்லுக்குள் ஒளிந்தே வளர்கின்றன. உரமும் வண்டலும் மிகுதியாக வந்து சேர்ந்தால் நீர் கலங்கிப் புல் நலியும். மணமேல்குடிப் பக்கம் கடலில் கலக்கும் வெள்ளாறு நம் மாவட்டத்து நீரைச் சுமந்து செல்வது என்பதை உழவர் நினைவிற்கொள்வது நன்று.

இப்புல்லை மேய்வது கடற்பசு. கரையோரத்தார் ஆவுளியா என்பர். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ புல் தின்னும். மீனன்று, பாலூட்டும் பிராணி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுமுட்டி மாளும். சுமார் 13 மாதம் கருச்சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் செல்லும். நாடு முழுவதும் எஞ்சியவை சுமார் 240 என்பது மதிப்பீடு. 2022 செப்டம்பரில் தமிழக அரசு அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையுள்ள 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது.

எனினும் அரசாணை வலைக்குள் சென்று பிராணியை விடுவிப்பதில்லை. அது மீனவர் கையில் உள்ளது. சிக்கிய கடற்பசுவை உயிரோடு மீட்கப் பலமுறை வலையையே அறுக்க நேரும். அவ்வாறு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி வழங்கியுள்ளது, போற்றத்தக்கதே. ஆயினும் பாராட்டு விழா வேறு, மறுநாள் கடலுக்குச் செல்ல வலை வேண்டுவது வேறு. நூலின் விலையும் முடிச்சுக்கான உழைப்பும் எவ்வளவு என்பதை நெசவாளருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்நட்டத்தை ஒரே குடும்பம் தாங்குமாறு விடுவது முறையன்று. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கெனத் தனி நிதி ஒன்று வைத்து, அறுந்த வலைக்கு அந்த வாரத்திலேயே மாற்று வலை வழங்கலாம். அரசின் தொகை வரும்போது நிதியில் ஈடுசெய்து கொள்ளலாம். பயிர்க்கடனையும் நூல் முன்பணத்தையும் கையாண்டு பழகிய நமக்கு இக்கணக்கு புதிதன்று.